தராசு இல்லாத கராஜ்கள்

பங்குனி, சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் எமது சிறுநகரங்களின் வீதியோரங்களில் ஒரு பலகை வெளியே வரும். "இங்கு ஏ.சி. காஸ் அடிக்கப்படும்" என்பது அதன் வாசகம். வவுனியாவிலும் மன்னாரிலும் கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் இதனைக் காணலாம். வாடகை வான் ஓட்டும் ஒருவர், வானில் குளிர் குறைந்துவிட்டதென்று வந்து நிற்பார். கராஜில் நிற்கும் இளைஞர் நீலமும் சிவப்புமான குழாய்கள் பூட்டிய அமுக்கமானியைக் கொண்டுவந்து பொருத்துவார். உள்ளே எஞ்சியிருந்த வாயு 'உஸ்' என்ற ஓசையுடன் வெளியே விடப்படும். பின்னர் சிலிண்டரிலிருந்து புதிய வாயு ஏற்றப்படும். குழாயைத் தொட்டுப் பார்த்துக் கைக்குக் குளிர்ந்ததும், "சரி அண்ணை, இனி ஓடிப் பாருங்கோ" என்பார். அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும். அடுத்த வருடம் அதே வெயில், அதே வான், அதே காஸ்.

இக்காட்சியில் கள்வர் எவரும் இல்லை. வான்காரர் உழைத்த காசைக் கொடுக்கின்றார். இளைஞர் தாம் பழகிய வேலையைச் செய்கின்றார். ஆயினும் இருவரும் ஏமாந்து போகின்றனர். காரணம், அந்த வேலைக்குத் தேவையான கருவிகளில் பாதிக்கு மேல் அந்தக் கராஜில் இல்லை. குறிப்பாக, ஒரு தராசு இல்லை.

வாகன ஏ.சி. என்பது வசதி படைத்தவர்களின் விடயம், அதனைப் பற்றிக் கிராமிய அபிவிருத்தி பேசும் ஓர் இதழில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். ஒரு காலத்தில் அக்கேள்வி நியாயமானதாக இருந்திருக்கலாம். இன்று நிலைமை வேறு. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த 1990 நோயாளர் காவு வண்டிகள் குளிரூட்டப்பட்டவை. தூரப் பயணம் போகும் வாடகை வான்களும் பஸ்களும் அவ்வாறே. எமது தொண்டு நிறுவனங்களின் டபிள் கப் வாகனங்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. அத்துடன், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து வருடங்களும் நாம் பழைய வாகனங்களையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். வாகனம் முதுமையடைய அதன் றப்பர் வளையங்களும் குழாய்களும் முதுமையடைகின்றன, வாயு கசிகின்றது. இந்தச் சுமை கொழும்பின் பெரிய நிறுவனங்களின் மீது மட்டும் விழவில்லை. கிராமத்துச் சந்தியில் தகரக் கொட்டிலின் கீழ் நிற்கும் இளைஞர்களின் தோளிலும் விழுந்திருக்கின்றது.

காஸ் தேய்வதில்லை

முதலில் ஓர் அடிப்படை உண்மையை விளங்கிக்கொள்ள வேண்டும். டீசல் எரிந்து தீர்கின்றது. பிரேக் தேய்கின்றது. ஆனால் ஏ.சி.க்குள் இருக்கும் வாயு எரிவதுமில்லை, தேய்வதுமில்லை. அது மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கின்றது. கொம்பிரசர் அதனை அமுக்குகின்றது. வாகனத்தின் முன்புறத்தில் உள்ள ஒடுக்கியில் அது வெப்பத்தை இழந்து திரவமாகின்றது. சிறு துவாரத்தினூடாக அமுக்கம் குறைந்து, ஆவியாக்கியில் கொதித்து, வாகனத்தினுள்ளே இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் கொம்பிரசருக்குத் திரும்புகின்றது. இன்று எமது வாகனங்கள் பெரும்பாலானவற்றில் உள்ள ஆர்-134ஏ என்னும் வாயு, திறந்த வெளியில் பூச்சியத்திற்குக் கீழ் 26 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். அந்தக் கொதிப்புத்தான் எமக்குக் குளிர்.

பல வருட ஓட்டத்தில் இணைப்புகளினூடாகச் சிறிதளவு வாயு கசிவது இயல்பு. ஆனால் ஒவ்வொரு கோடைக்கும் காஸ் அடிக்க வேண்டியிருந்தால் அது பராமரிப்பு அல்ல. எங்கோ ஓர் ஓட்டை இருக்கின்றது என்பதே அதன் பொருள். ஓட்டைக் குடத்திற்கு நீர் வார்ப்பதைத் திருத்தவேலை என்று சொல்லி ஒவ்வொரு வருடமும் காசு வாங்குகின்றோம், கொடுக்கின்றோம்.

எவை வேண்டும்?

இவ்வேலையை ஒழுங்காகச் செய்வதற்கான கருவிகள் மாயமானவை அல்ல. ஒவ்வொன்றும் ஏன் வேண்டும் என்பதைச் சாதாரண வாசகரும் விளங்கிக்கொள்ள முடியும். விளங்கிக்கொண்டால் கராஜில் கேள்வி கேட்கவும் முடியும்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது முதல் வேலை. உலர்ந்த நைதரசனைக் குழாய்களுக்குள் அமுக்கத்துடன் ஏற்றி, இணைப்புகளில் சவர்க்கார நீரைப் பூசினால் கொப்புளம் காட்டிக்கொடுக்கும். ஊதா ஒளியில் மின்னும் சாயமும், கசிவை மணந்தறியும் சிறு மின்னணுக் கருவியும் உண்டு. நைதரசனுக்குப் பதிலாகச் சிலர் ஒட்டுவேலைக்கு வைத்திருக்கும் ஒட்சிசனை ஏற்றுவதுண்டு. கொம்பிரசர் எண்ணெயுடன் அமுக்கப்பட்ட ஒட்சிசன் சேர்ந்தால் வெடிக்கும். இது உயிருடன் விளையாடும் விளையாட்டு.

அடுத்தது வெற்றிடப் பம்பி. குழாய்களைக் கழற்றித் திருத்தும்போது காற்றும் ஈரமும் உள்ளே புகுந்துவிடுகின்றன. எமது கரையோரக் காற்றின் ஈரப்பதனைச் சொல்லத் தேவையில்லை. அந்த ஈரம் உள்ளே அமிலத்தைத் தோற்றுவித்து உலோகத்தை அரிக்கும்; சிறு துவாரத்தில் பனியாக உறைந்து அடைக்கும். வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 24 இல் ஒரு பங்குக்கு இறக்கினால் 30 பாகை வெப்பத்திலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும். பம்பி அதைவிடவும் கீழே இறக்கி, அந்த ஆவியை இழுத்து வெளியேற்றுகின்றது. இதற்கு அரை மணித்தியாலமோ அதற்கு மேலோ பொறுமை வேண்டும். பின்னர் பம்பியை நிறுத்திவிட்டு வெற்றிடம் அப்படியே நிற்கின்றதா என்று பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் ஓட்டை இன்னும் இருக்கின்றது.

மூன்றாவது, முன்னர் சொன்ன தராசு. கூட்டுறவுக் கடையில் ஒரு கிலோ சீனி வாங்கும்போது தராசின் முள்ளைப் பார்க்காமல் எவரும் காசு கொடுப்பதில்லை. ஆனால் சீனியைவிடப் பல மடங்கு விலை கூடிய வாயுவை நிறுக்காமல் வாங்குகின்றோம். அமுக்கமானி அளவைக் காட்டாதா என்று கேட்கலாம். காட்டாது. ஒரு பாத்திரத்தினுள் திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும் வரை, அமுக்கம் வெப்பநிலையைப் பொறுத்தது, அளவைப் பொறுத்ததல்ல. அரைச் சிலிண்டரும் முழுச் சிலிண்டரும் ஒரே வெப்பநிலையில் ஒரே அமுக்கத்தையே காட்டும். சிறு கார்கள் பலவற்றுக்குத் தேவையானது அரைக் கிலோ அளவிலான வாயு. பின்னிருக்கைகளுக்கும் குளிரூட்டும் வானுக்கு அதைவிடக் கூட வேண்டும. சரியான கிராம் கணக்கு போனற்றின் கீழ் ஒட்டப்பட்டிருக்கும் சிறு தாளில் அச்சிடப்பட்டிருக்கும். குறைந்தால் குளிராது; கொம்பிரசருக்கு எண்ணெய் சரியாகத் திரும்பாது. கூடினாலும் குளிர் குறையும்; கொம்பிரசர் திணறி உடையும். 'கூட அடித்தால் கூடக் குளிரும்' என்ற நம்பிக்கையால் எத்தனை கொம்பிரசர்கள் பழைய இரும்புக்குப் போயினவோ!

நான்காவது, மீட்பு இயந்திரம். இதுவே விலை கூடியது, எமது கராஜ்களில் மிக அரிதானது. வாகனத்தினுள்ளே எஞ்சியிருக்கும் வாயுவை வெளியே விடாமல் உறிஞ்சி, எண்ணெயையும் ஈரத்தையும் பிரித்து, தனியான சிலிண்டரில் சேர்ப்பது இதன் வேலை. திருத்திய பின் அதே வாயுவை அதே வாகனத்திற்கு நிறுத்து ஏற்றலாம். ஆர்-134ஏ இயந்திரங்களுக்கான அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கத்தின் நியமம், வாகனத்திலுள்ள வாயுவில் 95 வீதத்தை 30 நிமிடத்திற்குள் மீட்க வேண்டும் என்றும், ஏற்றும்போது 15 கிராமுக்கு மேல் பிழைக்கக்கூடாது என்றும் கேட்கின்றது. அந்நாட்டில் பயிற்சிச் சான்றிதழும் மீட்பு இயந்திரமும் இன்றி வாகன ஏ.சி.யில் கைவைப்பதை 1990 இன் சட்டத் திருத்தமே தடுத்துவிட்டது.

இவற்றுடன் ஒரு புதிய எச்சரிக்கையும் உண்டு. எமது வீதிகளில் பெருகியுள்ள ஹைபிரிட் கார்களின் கொம்பிரசர் உயர் மின்னழுத்தத்தில் இயங்குவது. அதற்கு மின்சாரத்தைக் கடத்தாத தனி எண்ணெய் வேண்டும். சாதாரண வாகனத்திற்குப் பயன்படுத்திய குழாயில் ஒட்டியிருக்கும் வேறு எண்ணெய் சிறிதளவு உள்ளே போனாலும் அந்த மின்காப்புக் கெட்டுவிடும். எனவே ஒரே குழாயை எல்லா வாகனத்திற்கும் பூட்டுவதும் ஆபத்தே.

கராஜ் இளைஞன்

இதுவரை வாகனச் சொந்தக்காரரின் இழப்பைப் பார்த்தோம். அந்த இளைஞனின் நிலை என்ன? பாடசாலையை இடையில் விட்டுத் தொழில் பழக வந்த அவனுக்குக் கண்ணாடியும் இல்லை, கையுறையும் இல்லை. திரவமாகத் தெறிக்கும் வாயு தோலைத் தொட்ட கணத்தில் உறையவைத்துவிடும்; கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வெளியே விடப்படும் வாயு காற்றைவிடப் பாரமானது. அது கராஜின் குழிக்குள் இறங்கித் தேங்கும். குழிக்குள் குனிந்து வேலை செய்பவனுக்கு மூச்சுத் திணறும். அருகில் ஒட்டுவேலைத் தீச்சுவாலை இருந்தால் அவ்வாயு சிதைந்து ஐதரசன் புளோரைட்டு என்னும் நச்சாக மாறும்.

சிலிண்டரினுள் இருப்பது என்ன என்பதும் அவனுக்குத் தெரியாது. வெளிநீல நிறமும் அச்சிட்ட பெயரும் உள்ளே இருப்பதற்கு உத்தரவாதமல்ல. 2011 இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிரூட்டப்பட்ட கப்பல் கொள்கலன்கள் வெடித்து, அவற்றில் வேலை செய்த மூவர் உயிரிழந்தனர். ஆர்-134ஏ என்ற பெயரில் ஏற்றப்பட்ட கலப்பட வாயுவில் மெதைல் குளோரைட்டு இருந்தது என்றும், அது கொம்பிரசரின் அலுமினியத்துடன் தாக்கமுற்று, காற்றுப் பட்டதும் தீப்பற்றும் பொருளொன்றைத் தோற்றுவித்தது என்றும் பின்னர் கண்டறியப்பட்டது. இறந்தவர்கள் கலப்படம் செய்தவர்களல்லர், திருத்த வந்தவர்கள். வாயுவை இனங்காணும் கருவி ஒன்று உண்டு. எமது கராஜ்களில் அதன் பெயரே பலருக்குத் தெரியாது.

தொழிற்பயிற்சி என்ற பெயரில் நாம் இந்த இளைஞர்களுக்கு என்ன கொடுத்தோம் என்பதைச் சிந்திக்க வேண்டியவர்களாக இருக்கின்றோம். பாடக் கொப்பியில் மீட்பு இயந்திரத்தின் படத்தை வரைந்தவன், பயிற்சி முடிந்து ஊருக்குப் போனால் அங்கு இருப்பது அமுக்கமானியும் ஒரு சிலிண்டரும் மட்டுமே. கற்றதை மறப்பதற்கு ஆறு மாதம் போதும்.

வானத்தின் கணக்கு

'உஸ்' என்று வெளியேறும் வாயு எங்கே போகின்றது? முன்பு எமது வாகனங்களில் இருந்தது ஆர்-12 என்னும் சி.எப்.சி. வாயு. அதன் குளோரீன் ஓசோன் படையை அரிக்கும் என்பதை மொலினாவும் றோலண்டும் 1974 இல் எடுத்துக்காட்டினர். 1985 இல் அந்தாட்டிக்காவின் மேலே ஓசோன் மெலிந்திருப்பது வெளியுலகுக்குத் தெரியவந்தது. 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை எழுந்தது. இலங்கை 1989 டிசம்பரில் அதில் இணைந்தது. வளர்ந்த நாடுகள் 1996 இலும் எம்போன்ற நாடுகள் 2010 இலும் சி.எப்.சி.யைக் கைவிட்டன. ஓசோன் படை இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டித் தேறிவிடும் என்று இன்று விஞ்ஞானிகள் கூறுகின்றனர். மனித குலம் ஒன்றுசேர்ந்து செய்த நற்காரியங்களில் இது ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அதன் இடத்திற்கு வந்த ஆர்-134ஏ, ஓசோனை விட்டாலும் பூமியைச் சூடாக்குகின்றது. நூறு வருடக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-134ஏ, 1,430 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம் என்பதே உடன்படிக்கையில் கொள்ளப்படும் பெறுமானம். ஒரு காரின் அரைக் கிலோ வாயுவைக் காற்றில் விடுவது 715 கிலோ காபனீரொட்சைட்டை விடுவதற்கு ஒப்பாகும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ வெளியாகும். ஆக, அந்த ஓர் 'உஸ்' ஓசையில் 300 லீற்றருக்கு மேற்பட்ட பெற்றோலின் புகை இருக்கின்றது. லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் காரில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஐந்து தடவைக்கு மேல் போய்வரலாம்! மரநடுகை விழாவுக்குப் போகும் எமது நிறுவன வாகனமே முதல்நாள் கராஜில் இந்த வாயுவை விட்டுவிட்டு வருமானால், அந்த மரக்கன்றுகளுக்கு நாம் என்ன பதில் சொல்வது?

இதனால்தான் 2016 இல் கிகாலி திருத்தம் செய்யப்பட்டது. இலங்கை 2018 இல் அதனை ஏற்றது. அதன்படி எம்போன்ற நாடுகள் இவ்வகை வாயுக்களின் பாவனையை 2024 இல் ஒரு மட்டத்தில் நிறுத்தி, 2029 இல் 10 வீதமும், 2035 இல் 30 வீதமும், 2040 இல் 50 வீதமும், 2045 இல் 80 வீதமும் குறைக்க வேண்டும். இதன் பொருள் எளிது. எமது பழைய வான்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவற்றுக்கான வாயு அரிதாகும், விலை ஏறும். அன்று மீட்பு இயந்திரம் உள்ளவனிடம் வாயு இருக்கும். இல்லாதவன் கலப்படச் சிலிண்டரைத் தேடி அலைவான். அல்லது சமையல் வாயுவை ஏற்றித் தீவிபத்தை விலைக்கு வாங்குவான்.

அலுமாரியில் உறங்கும் இயந்திரங்கள்

அப்படியானால் கராஜுக்கு ஓர் இயந்திரம் என்று வாங்கிக் கொடுத்துவிடலாமே என்று சொல்லத் தோன்றும். அபிவிருத்தித் துறையில் உள்ள நாம் இவ்விடத்தில் நிதானிக்க வேண்டும். மொன்றியல் உடன்படிக்கையின் பல்தரப்பு நிதியம் வளர்முக நாடுகள் பலவற்றுக்கு மீட்பு இயந்திரங்களை வழங்கியது. அவற்றுள் பல எதிர்பார்த்த அளவுக்குப் பயன்படவில்லை என்பதை அந்நிதியத்தின் மதிப்பீடுகளே ஒப்புக்கொண்டன. புதிய வாயு மலிவாகக் கிடைத்தது. மீட்பதற்குச் செலவாகும் நேரத்திற்கு எவரும் கூலி கொடுக்கவில்லை. வடிகட்டி பழுதானால் மாற்றுவதற்கு இல்லை. கையளிப்பு விழாவில் படம் எடுத்தோம், இயந்திரம் அலுமாரிக்குப் போனது என்ற கதை எமக்குப் புதிதல்ல. நீர்ப்பம்பிகளிலும் தையல் இயந்திரங்களிலும் நாம் கண்ட கதைதான்.

இன்னொரு சிக்கலும் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜனவரி முதல் புதிய கார்களில் ஆர்-134ஏ பயன்படுத்த முடியாது. ஆர்-1234வைஎப் என்ற வேறொரு வாயு வந்திருக்கின்றது. அது பூமியை மிகக் குறைவாகவே சூடாக்கும். ஆனால் மெதுவாகத் தீப்பற்றக்கூடியது. அதற்குத் தனி இணைப்புகளும் தனி இயந்திரமும் வேண்டும். ஆகவே இன்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குபவர் நாளை கையைப் பிசைய நேரிடும்.

செய்யக்கூடியவை

எம்மால் இயன்றவை என்று நாம் கருதுவன இவை:

1. விலை குறைந்தவற்றிலிருந்து தொடங்குவோம். தராசு, வெற்றிடப் பம்பி, நைதரசன், கண்ணாடி, கையுறை. இவை ஒரு சிறு கராஜின் சக்திக்கு உட்பட்டவை. சுழற்சிக் கடன் வழங்கும் எமது சங்கங்கள் மாட்டுக்கும் வலைக்கும் கடன் கொடுப்பதைப்போல இவற்றுக்கும் கொடுக்கலாம்.

2. மீட்பு இயந்திரம் தனியொருவருக்கு வேண்டாம். நகருக்கு ஒன்று போதும். ஐந்தாறு கராஜ்கள் சேர்ந்து, அல்லது ஒரு பயிற்சி நிலையத்தைச் சார்ந்து, முறைவைத்துப் பயன்படுத்தட்டும். உழவு இயந்திரத்தைப் பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்த மக்களுக்கு இது பெரிய காரியமல்ல. வடிகட்டிக்கும் எண்ணெய்க்குமான செலவை ஒவ்வொரு பாவனையிலும் அறவிட்டுச் சேமிக்க வேண்டும்.

3. பயிற்சி நிலையங்கள் இயந்திரத்தைப் படத்தில் காட்டுவதை நிறுத்த வேண்டும். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்கு வரும் ஒவ்வொரு மாணவனும் தன் கையால் வாயுவை மீட்டு, நிறுத்து, ஏற்றிக் காட்டிய பின்னரே வெளியேற வேண்டும்.

4. வாகனம் வைத்திருக்கும் நிறுவனங்கள் தம் வாடிக்கையின் வலிமையைப் பயன்படுத்த வேண்டும். "ஓட்டையைக் காட்டுங்கள், நிறுத்து ஏற்றுங்கள், எத்தனை கிராம் என்று பற்றுச்சீட்டில் எழுதுங்கள், பழைய வாயுவை வெளியே விடாதீர்கள்" என்று கேட்போம். அதற்கான கூலியைத் தாராளமாகக் கொடுப்போம். மலிவாகச் செய்யச் சொல்லிவிட்டு இளைஞனைக் குறைகூறுவது நீதியல்ல.

5. அரசு சிலிண்டர்களின் தரத்தைத் துறைமுகத்திலேயே சோதிக்க வேண்டும். சிறுநகரக் கராஜ்காரனிடம் அந்தச் சுமையை விடக்கூடாது.

இவற்றுள் நான்காவது இன்றைக்கே தொடங்கக்கூடியது. அதற்கு வெளிநாட்டு நிதியோ திட்ட முன்மொழிவோ தேவையில்லை. அடுத்த முறை வாகனத்தைக் கராஜில் விடும்போது ஒரு கேள்வி கேட்டால் போதும்: "தம்பி, தராசு இருக்கோ?" பத்துப் பேர் கேட்டால் அந்த இளைஞன் முதலாளியிடம் போய்ச் சொல்வான். இருபது பேர் கேட்டால் தராசு வந்துவிடும். தராசு வந்த கராஜில் மற்றவற்றுக்கும் மெல்ல மெல்ல இடம் கிடைக்கும்.